படத்தில் திரும்பி நிற்கும் பெண்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் முதல் தொலைபேசி. "சார் இருக்காரா?" வெளியே போயிருக்கிறார், என்ன விஷயம் என்றேன். "கூரை ஒழுகுதுங்க. சார்கிட்டயே பேசிக்கறேன். நீங்க அவரு பி.ஏ.வா?" இல்லை, அந்தக் கூரையை வரைந்தவள் என்றேன். அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. பிறகு, "அப்ப சார் வந்ததும் ஒரு போன் போடச் சொல்லுங்க."

இருபது வருடமாக இதே பாட்டுதான். இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்வதோடு சரி.

சார் என் கணவன். கல்லூரியில் ஒரே வகுப்பு. ஊருக்கு முன்னால் அவர், மாமியார் எதிரில் "உங்க பிள்ளை", இந்த நோட்டில் அவன். ஆபீஸ் அவன் அப்பா தொடங்கியது. மாமா காலமாகி ஆறு வருடம். பலகையில் இன்னும் அவர் பெயரும் "மற்றும் குழுவினர்" என்பதும்தான். நானும் அவனும் குழுவினர்.

புது வேலை வந்திருக்கிறது. புதிது என்ன, ஐம்பது வருடப் பழையது. மாமாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த உழைக்கும் பெண்கள் விடுதி. நர்சுகள், தட்டச்சர்கள், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பெண்கள் தங்குவதற்காகக் கட்டியது. பூச்சு இல்லாத கான்கிரீட், தூண்கள் மேல் தூக்கி நிறுத்திய மூன்று மாடி, ஒவ்வொரு மாடியிலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடும் அகலமான தாழ்வாரம். அலங்காரம் என்று ஒரு வளைவு கிடையாது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். அதைப் பழுது பார்ப்பது எங்கள் பொறுப்பு. முடிந்ததும் கீழ்த்தளத்தில் மாமாவைப் பற்றி ஒரு கண்காட்சி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விடுதிக்கும் அவனுக்கும் ஒரே வயது. "எனக்கு ஒரு தம்பி இருக்கான், கான்கிரீட்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

கண்காட்சிக்குக் குறிப்பெழுத ஒரு ஆராய்ச்சி மாணவி வந்திருக்கிறாள். நான் வைத்த பெயர் கேள்விக்குறி. உட்காருவதும் அப்படித்தான், பேசுவதும் அப்படித்தான். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தின் முன் நின்றாள். விடுதித் தாழ்வாரத்தின் படம் அது. தூரத்தில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று வெளியே பார்க்கிறாள். எத்தனையோ புத்தகங்களில் வந்த படம்.

"இது யாரு மேடம்?"

அவன் முந்திக்கொண்டான். "யாரோ. கட்டடத்தோட அளவு தெரியறதுக்காக ஒரு ஆளை நிறுத்துவாங்க. அப்பாவும் சொன்னதில்ல."

அவள் எழுதிக்கொண்டாள்: அளவுக்காக நிற்கும் பெண், பெயர் தெரியவில்லை. எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "ஒரு ஆம்பளைய நிறுத்தியிருந்தா பேரு தெரிஞ்சிருக்குமா சார்?"

எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.


மார்ச் 6, வியாழன்

விடுதியில் அளவெடுப்பு. நாள் முழுக்க வெயில், தூசி, மேஸ்திரியின் பாட்டு.

தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு சிக்கல். சுவரின் தலையில் அகலமான கான்கிரீட் பலகை ஒன்று மூன்று மாடியிலும் நீளத்துக்கும் ஓடுகிறது. உயரம்தான் குறைவு. இன்றைய பாதுகாப்பு விதிக்கு முக்கால் சாண் பற்றாது. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் உயரமே போடவில்லை. "தளத்தில் தீர்மானிக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. அவன் போய் நின்று பார்த்தான். ஆறடிக்கு மேல் ஆள், அப்பாவைப் போல. இடுப்புக்குக் கீழே இடித்தது.

"அப்பா இப்படி வெச்சிருக்கவே மாட்டாரு. அந்தக் காலத்து மேஸ்திரி பண்ண தப்பு. இடிச்சிட்டு உயர்த்திக் கட்டிடலாம். அப்பாவுக்கும் அதுதான் மரியாதை."

பாவம், எந்த மேஸ்திரியோ. ஐம்பது வருடம் கழித்துத் திட்டு வாங்குகிறான்.

அந்தப் பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, சௌகரியமாக நின்றபடி, "இடிக்க வேண்டியவை" என்பதன் கீழே அதையும் எழுதினேன்.


மார்ச் 9, ஞாயிறு

கை ஓடவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பாத்திரம் உலர்த்திக்கொண்டிருந்தார். நின்றபடியே இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைத்தார் — புறங்கை இடுப்பில், உள்ளங்கை வெளியே நம்மைப் பார்த்தபடி. முதுகு வலி வந்தால் எல்லோரும் உள்ளங்கையை வைத்து அழுத்துவோம். அத்தை மட்டும் இப்படித் தலைகீழாக. கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன்.

ஆபீஸ் படத்தில் அந்தப் பெண்ணின் இடது கை. புறங்கை இடுப்பில். உள்ளங்கை வெளியே.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், சரி. பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் முதுகு தெரிய வேண்டாமா? தினமும் அந்தப் படத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றுகிறான்!

காபி போடாமலே திரும்பி வந்துவிட்டேன்.


மார்ச் 10, திங்கள்

கேட்டுவிட்டேன். அவன் விடுதிக்குக் கிளம்பியதும், அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல்.

"அத்தை, அந்தப் படத்துல நிக்கிறது நீங்கதானே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். "இத்தனை வருஷத்துல நீ ஒருத்திதான் கேட்ட."

இவன் வயிற்றில் எட்டு மாதமாம். மாமா படமெடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். படக்காரர், தாழ்வாரம் வெறிச்சென்று இருக்கிறது, யாராவது நில்லுங்கள் என்றாராம். அத்தை நின்றதும் அவருக்குச் சங்கடம்.

"வயிறு தெரிஞ்சா பாக்கறவங்க கண்ணு கட்டடத்துல நிக்காதும்மா, அந்தப் பக்கம் திரும்பிக்கங்கன்னான். காலெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. திரும்பிக்கிட்டா மொகத்தை இஷ்டத்துக்குச் சுளிக்கலாமேன்னு நானும் திரும்பிட்டேன்."

"ஒரு புத்தகத்துல, 'எதிர்காலத்தை நோக்கி நிற்கும் நவீன மனிதன்'னு எழுதியிருக்காங்க அத்தை."

"எதிர்காலமா? கழிப்பறை எந்தப் பக்கம்னு பாத்துட்டிருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லாத" என்றார். ஏன் என்றேன். "அவன் பாட்டுக்கு இருக்கான். அதுல நான் என்னத்துக்குப் புகுந்துட்டு." என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். எட்டாம் மாதத்தில் மாமா எதற்கு இவரை அங்கே கூட்டிக்கொண்டு போனார்?


மார்ச் 13, வியாழன்

கேள்விக்குறி பழைய விமர்சனங்களைத் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லாம் அந்தத் தாழ்வாரத்துப் பலகையைப் பற்றித்தான். மூன்று மாடியிலும் ஓடும் நீண்ட நிழல் அதனால்தான் விழுகிறது. ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆண்மை ததும்பும் கிடைக்கோடு." அவள் அதை வாசித்துக் காட்டிவிட்டு, கோட்டில் எப்படித் ததும்பும் என்று கேட்டாள். அவன் முறைத்தான்.

இன்னொன்றும் காட்டினாள். அந்தக் காலத்து வரைபடங்களில் அளவுக்காக வரைகிற மனிதர்கள். ஆண் கையில் பெட்டியோடு வாசலில் நுழைகிறான், அல்லது மாடியில் நின்று வானத்தைக் காட்டுகிறான். பெண் அடுப்படியில் குனிந்திருக்கிறாள், இல்லாவிட்டால் ஒரு குழந்தையைக் கையில் பிடித்திருக்கிறாள். என் கணினியைத் திறந்து, நான் போன மாதம் வரைந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். அளவுக்காக நான் இழுத்துப் போட்ட பெண் உருவங்கள் அத்தனை பேர் கையிலும் குழந்தை. டாக்டர் ஒருத்திகூட இல்லை. வாயை மூடிக்கொண்டு மாற்றினேன்.

பலகையை இடிக்கத் தேதி குறித்தாயிற்று. 24ஆம் தேதி ஆள் வருகிறார்கள்.


மார்ச் 15, சனி

சாயங்காலம் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் விடுதி வேலையைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "தாழ்வாரத்துப் பலகைய இடிக்கிறோம்மா. மேஸ்திரி தப்புல ரொம்பக் கீழ வந்துடுச்சு. அப்பா மனசுக்குள்ள எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாரோ."

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. கால் வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அவன் உடனே தைலத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். தினமும் அவன்தான் தேய்த்துவிடுவான். அவ்வளவு நல்ல பிள்ளைதான். அம்மாவின் முகத்தைப் படிக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.


மார்ச் 16, ஞாயிறு

அவன் நடைக்குப் போனதும் அத்தை என் அறைக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"யாரு சொன்னது மேஸ்திரி தப்புன்னு? அது என் உயரம்."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது. மறுபடியும் புரியவில்லை.

"அந்த விடுதி நாங்க ரெண்டு பேரும் போட்டது. தூணு, மேல்கூரை, தண்ணித் தொட்டி, அதெல்லாம் அவரு கணக்கு. உள்ள யாரு எங்க நிக்கணும், எங்க ஒக்காரணும், ஜன்னல் எங்க வரணும்கறது எல்லாம் நான். எங்களுக்கு ஒரே மேசைதான். எது அவரு கோடு, எது என் கோடுன்னு எங்களுக்கே தெரியாது. ஆனா அந்தப் பலகை எனக்குத் தெரியும்."

விடுதிக் கமிட்டியில் ஒரு விதி இருந்ததாம். ஒருத்தி அறைக்குள் இன்னொருத்தி போகக் கூடாது, கூடிப் பேசக் கூடாது. தாழ்வாரத்தில் நிற்கக் கூடாது என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். தாழ்வாரத்தை அகலமாக்கினார்.

"வேலை விட்டு வர்றவ நேரா உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா அது விடுதியா? பெட்டி. முழங்கைய ஊன்ற ஒரு எடம், டீ டம்ளர வெக்க ஒரு எடம் இருந்தா நிப்பா. ஒருத்தி நின்னா இன்னொருத்தி வந்து நிப்பா. அதுக்குத்தான் பலகை. உயரம் எவ்வளவுன்னு மேஸ்திரி கேட்டான். அங்கயே நின்னு காட்டினேன். என் முழங்கை எங்க வருதோ அங்க கோடு போட்டான். உங்க மாமா வந்து நின்னு பாத்துட்டு, என் இடுப்புக்கு இடிக்குதேன்னாரு. நீங்க இங்க குடியிருக்கப் போறதில்லையேன்னேன்."

அத்தை கட்டடக்கலை படித்தவர் என்று எனக்குத் தெரியும். "அந்தக் காலத்துல படிச்சேன்" என்று மாவரைத்த கதை மாதிரி சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், என் தோழிகளிடம், பரிதாபப்பட்டு.

ஏன் பெயர் போடவில்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"கையெழுத்துப் போட ஒரு எடம்தான் இருந்துச்சு. அடுத்ததுல நான் போட்டுக்கலாம்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "அடுத்தது இவன்."

ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாராம். ஒரு வருடம் நாலாயிற்று. பிறகு ஆபீசில் வேறு ஆட்கள், வேறு மேசைகள்.

எனக்கு மாமா மேல் வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எத்தனை மேடை, எத்தனை மாலை, ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனிதர்? அத்தை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எம் புருஷன நான் திட்டலாம். நீ திட்டாத. நாங்க ரெண்டு பேரும் பண்ணோம்னுதான் அவரு எப்பவும் சொல்லுவாரு. அச்சுல வரும்போது ஒருத்தராயிடும். ரெண்டு தடவை சண்ட போட்டாரு. மூணாவது தடவை சண்ட போடல. அதுதான் அவரு மேல எனக்கு இருக்கற கோவம். அதையும் அவருகிட்டயே சொல்லிட்டேன்."

பெயரெல்லாம் வேண்டாமாம். இவன் அப்பாவைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறான், இறக்கி வைக்கத் தான் வரமாட்டாராம். "ஆனா பலகை மேல கை வெக்கக் கூடாது. நீ எப்படியாவது நிறுத்து."

எப்படி நிறுத்துவது? வாயைக் கட்டிப் போட்டுவிட்டு ஊரைக் கூட்டச் சொல்கிறார்.


மார்ச் 18, செவ்வாய்

நிறுத்தப் பார்த்தேன். பலகையைத் தொடாமல் அதன் வெளி விளிம்பில் ஒரு மெல்லிய இரும்புக் குழாயை ஓட்டினால் விதிக்கும் ஆயிற்று, உள்பக்கம் முழங்கைக்கும் இடம் இருக்கும் என்று வரைந்து காட்டினேன். அழகாகவே வந்திருந்தது.

"தப்பு மேல எதுக்குக் குழாய் போடணும்? தப்ப எடுத்துடலாமே."

"தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாவ எனக்குத் தெரியும்."

பிடித்த முயலுக்கு மூன்று கால். உன் அப்பாவைத் தெரியும், சரி, உன் அம்மாவைத் தெரியுமாடா என்று நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேனே. ராத்திரி சாப்பாட்டில் பேசவில்லை. அவனே என் தட்டைக் கழுவி வைத்தான். அதிலும் எரிச்சல் — சண்டை போடவாவது ஒழுங்காக விடுகிறானா?


மார்ச் 20, வியாழன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன்: இவனிடம் சொல்லவில்லை, சத்தியம் சத்தியம்தான். ஆனால் கேள்விக்குறியிடம் சொல்லப் போகிறேன், அதற்குச் சத்தியம் வாங்கவில்லை. அத்தை என்னை வெகுநேரம் பார்த்தார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்றார். அது சம்மதம்தான்.

கேள்விக்குறி கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். "நான் நம்பறேன் மேடம். ஆனா எல்லாத்துலயும் பெரிய சார் கையெழுத்துதான் இருக்கு. நான் என்னத்தக் காட்டுவேன்?"

காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது என்றேன். கட்டடமே இருக்கிறது, அத்தையும் இருக்கிறார். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன்.


மார்ச் 22, சனி

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். பின்னால் நானே நம்ப மாட்டேன்.

அத்தை அந்தக் கட்டடத்துக்குள் போய் எத்தனையோ வருடம். படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை, தடவிக்கொண்டே வந்தார், மாட்டைத் தடவுகிற மாதிரி. தபால் தட்டு, கண்ணாடி மாட்டும் கொக்கி, குழாயடி — ஒவ்வொன்றின் எதிரிலும் நின்றார். எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தன. மாமாவாக இருந்தால் எல்லாவற்றுக்கும் குனிந்திருக்க வேண்டும். கேள்விக்குறி ஒவ்வொன்றையும் படமெடுத்துக்கொண்டே வந்தாள்.

முதல் மாடித் தாழ்வாரம். இரவுப் பணி முடித்து வந்த இரண்டு நர்சுகள் பலகையில் டம்ளரை வைத்துக்கொண்டு யாரையோ கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் குரலைத் தணித்தார்கள். "பேசுங்க பேசுங்க" என்றார் அத்தை. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

போய் நின்றார். முழங்கையை வைக்கப் போனார்.

பொருந்தவில்லை.

பலகை உயரத்தில் இருந்தது, முழங்கை கீழே தொங்கியது. தோளைத் தூக்கித்தான் வைக்க முடிந்தது. கேள்விக்குறி கேமராவை இறக்கிவிட்டாள். வயதானால் ஆள் குறுகித்தான் போவோம், அதை யோசிக்கவே இல்லை நான். அதற்காக இவ்வளவா?

அத்தையும் குழம்பித்தான் நின்றார். பலகையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு கேள்விக்குறியின் காலைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தச் செருப்பக் கழட்டு."

கேள்விக்குறி எப்போதும் உயரக் குதிகால் செருப்புதான் போடுவாள். நடையே டக் டக்கென்று கேட்கும். "வேலைக்குப் போற பொண்ணுங்க அப்பல்லாம் இப்படித்தான் போட்டுக்கிட்டு வருவாங்க. நானும்தான். செருப்போட நின்னுதானே அளவு காட்டினேன்! வெறுங்காலோட யாரு வேலை விட்டு வருவா?"

வேண்டாம் அத்தை, விழுந்துவிடுவீர்கள் என்றேன். காதில் வாங்கவில்லை. நர்சுகளில் ஒருத்தி ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தாள், நான் ஒரு கையைப் பிடித்தேன். காலை நுழைத்தார். தள்ளாடினார். "விடுங்கடி" என்றார். நின்றார்.

முழங்கை இரண்டும் பலகையில் போய் உட்கார்ந்தன. வெட்டி வைத்த மாதிரி, மயிரிழை பிசகாமல்.

அத்தை வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் குதிகால் வலித்திருக்க வேண்டும். இடது கையை எடுத்துப் பின்னால் இடுப்பில் வைத்துக்கொண்டார். புறங்கை இடுப்பில்.

அப்போதுதான் படிப்பக்கம் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அவன். உங்கம்மா வந்திருக்காங்க என்று கீழே மேஸ்திரி சொல்லியிருக்கிறான். கடைசிப் படியில் ஒரு காலும் தாழ்வாரத்தில் ஒரு காலுமாக நின்றான். தாழ்வாரத்தின் நீளம் முழுக்க எதிரே. தூரத்தில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. பிறந்ததிலிருந்து பார்த்த படம்.

நான் சத்தியத்தை மீறவில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அவன் மெதுவாக நடந்து வந்தான். "அம்மா" என்றான். அத்தை திரும்பவில்லை. "இரு, செருப்பு தடுக்குது" என்றார்.

"ஆபீஸ் படத்துல..."

"ம்."

"நீயா?"

"நீயும்தான்" என்றார் அத்தை. "ஆனா அப்ப வெளிய வரல."

அவனுக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சேர்ந்ததும் அந்த ஆறடி ஆள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்சு தண்ணீர் கொண்டு வந்தாள். அவனுக்குப் பதிலாக நான் வாங்கிக் குடித்தேன்.


மார்ச் 23, ஞாயிறு

நாள் முழுக்க இருவரும் அத்தையின் அறையில். கதவு சாத்தியிருந்தது. ஒரு தடவை அவன் குரல் கேட்டது: "எனக்கு ஏம்மா சொல்லல?" அத்தை சொன்னதும் கேட்டது: "நீ கேக்கலியே."

மூன்று தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டுக்கேட்கத்தான். மூன்றாவது தடவை அவன் அத்தையின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். குதிகால் செருப்பினால் நன்றாக வீங்கியிருந்தது. "போதும்டா, தோல் உரியுது" என்று அத்தை திட்டினார்.

இரவில் என்னிடம், "அப்பா இப்படிப் பண்ணிட்டாரே" என்றான். அப்படிச் சொல்லாதே என்றேன். மாமாவுக்காக நான் வாதாடுவேன் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அத்தை அவரைத் திட்டியும் முடித்துவிட்டார், மன்னித்தும் முடித்துவிட்டார். நாம் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றேன்.

பிறகு கேட்டான்: "அந்தக் குழாய் போட்ட வரைபடம், அத எங்க வெச்ச?"

இருந்த இடத்திலேயேதான் இருந்தது.


மார்ச் 24, திங்கள்

இடிக்க வந்த ஆட்களை அவனே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினான்.


ஏப்ரல் 3, வியாழன்

முதல் மாடியில் குழாய் மாட்டியாயிற்று. அத்தை வந்து பார்த்தார். "இன்னும் ஒரு விரல் வெளிய தள்ளியிருக்கலாம்" என்றார். உண்மைதான். தள்ளினோம்.

பெயர் போடுவதைப் பற்றி வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. வேண்டவே வேண்டாம் என்று நின்றவர், கடைசியில் இறங்கி வந்தது எதற்கு என்றால், அந்த "ஆண்மை ததும்பும் கிடைக்கோடு" விமர்சனத்தைக் கேள்விக்குறி வாசித்துக் காட்டியதற்கு. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அத எழுதினவரு இருக்காரா? இருந்தா அவருக்காகவாவது என் பேரப் போடு."


ஏப்ரல் 12, சனி

கண்காட்சி திறப்பு. சுவரில் இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்று.

அவன் பேசினான். எழுதி வைத்திருந்ததைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பலகையை இடிக்க உத்தரவு போட்டவன் நான்தான் என்று ஆரம்பித்தான். அப்பாவைப் பற்றிச் சொன்னான், அன்பாகவே. அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் தண்ணீர் குடித்தான், மறுபடியும் குடித்தான், உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவன் மேல் ஆசையாக இருந்தது. கல்லூரியில் வாய்மொழித் தேர்விலும் இப்படித்தான் உட்கார்ந்தான்.

அத்தையைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் அவர் தலைக்கு மேலே நின்றது. "இதையும் ஆறடி ஆளுதான் வெச்சானா? எறக்குப்பா" என்றார். கூட்டம் அடங்க நேரமாயிற்று. பேசியது கொஞ்சம்தான். "நான் என்னத்தச் சொல்ல. மேல போய் நின்னு பேசுங்க. அதுக்குத்தான் கட்டினது."

போனார்கள். அத்தனை பேரும் போய் மூன்று மாடியிலும் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். உயரமான ஆண்கள் எல்லாம் கொஞ்சம் குனிந்து.

பத்திரிகைப் படக்காரர் ஒருவர் அத்தையை அதே மாதிரி திரும்பி நிற்கச் சொன்னார். "ஒரு தடவை திரும்பி நின்னாச்சு" என்று அத்தை அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய படத்தைக் கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கிறோம். அடியில் கேள்விக்குறி எழுதிய குறிப்பு: அத்தையின் பெயர், பக்கத்தில் "கட்டடக்கலைஞர்". அதற்கும் கீழே, அச்சுக்குப் போவதற்கு முன் அவன் தன் கையால் சேர்த்த வரி: "உடன், மகன்."

வந்தவர்கள் எல்லோரும் படத்துக்குக் கிட்டப் போய், மகன் எங்கே, மகன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன்.


மே 7, புதன்

காலையில் முதல் தொலைபேசி. வீட்டு எண்ணுக்கே.

"ஆர்க்கிடெக்ட் அம்மா இருக்காங்களா?"

நான்தான், சொல்லுங்கள் என்றேன்.

"இல்லம்மா, பெரியவங்க. எங்க ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கு ஒரு விடுதி கட்டறோம். அவங்ககிட்டயே பேசிக்கறேன். நீங்க அவங்க பி.ஏ.வா?"

ஆமாம் என்றேன். குளித்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் இருங்கள் என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டப் போனேன்.